செவ்வாய்க்கிழமையின் நீளம்: சிங்கப்பூர்–நியூயார்க் தொலைவு குறித்து ஓர் ஆய்வு

"நியூயார்க் எவ்வளவு தூரம் தம்பி?" என்று தேக்காவிலிருக்கும் அத்தை கேட்டதே இவ்வாய்வின் தோற்றுவாய். மகளைப் பார்க்கப் போகிறார். "பதினெட்டரை மணி நேரம் அத்தை" என்றேன். தூரம் கேட்டவருக்கு நேரத்தைச் சொன்னது வழுவா, வழுவமைதியா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஏட்டளவில் விடை எளிது. சாங்கியிலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் சுமார் 15,350 கி.மீ. இரண்டு ஊர்களும் உலக உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் கிடப்பதால், ஆகக் குறுகிய வழி நேர் வடக்கே ஏறி, வட துருவத்தை உரசி, மறுபக்கம் இறங்குவதுதான். சுவர் வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்த அத்தையின் பேரன் இதை இன்றுவரை ஏற்கவில்லை. விமானிகளும் அந்தக் கோட்டை அப்படியே பிடித்துப் போவதில்லை. போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழியே, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றில் தொற்றிக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டர் போலக் கூடுதலாகச் சுற்றுகிறார்கள். சுற்றிப் போனால்தான் சீக்கிரம் போய்ச் சேரலாம். கிலோமீட்டர் இத்துடன் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கப்படுகிறது.

(நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கு இடைநில்லா விமானம் 2004-இல் தொடங்கி 2013-இல் நின்றது, நான்கு எஞ்சின் குடித்த எண்ணெய்தான் காரணம். 2018-இல் இரண்டு எஞ்சினோடு மீண்டது. 161 இருக்கைகள், 1,65,000 லிட்டர் எரிபொருள். ஆள் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் என்றதும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.)

இனி நேரம். இங்கேதான் ஆய்வாளருக்குத் தலை சுற்றியது. கோடையில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால் ஓடும். செவ்வாய் பிறக்கிற நள்ளிரவில் ஏறினால், பதினெட்டரை மணி நேரம் பறந்து இறங்கும்போது அதே செவ்வாய், காலை 6.30. அந்தச் செவ்வாய்க்கு மொத்தம் 36 மணி நேரம். திரும்புகையில் திங்கள் இரவு 10.30-க்கு ஏறினால் இறங்குவது புதன் விடியற்காலை. அந்தச் செவ்வாய்க்கு 12 மணி நேரம்தான், அதுவும் முழுக்க ஆகாயத்தில். இரண்டையும் கூட்டினால் 48. இரண்டு நாளுக்குச் சரியான கணக்கு. குளிர்காலத்தில் 37-உம் 11-உம் ஆகும், கூட்டுத்தொகை மாறாது. செவ்வாய் வெறுவாய் என்று பழித்த முன்னோர் இதன் நெகிழ்வுத்தன்மையை அறிந்திலர் என்க.

இம்முடிவுகளை, தாளில் கட்டம் போட்டு, அத்தையிடம் சமர்ப்பித்தேன். நாற்பது வருடமாகச் செவ்வாய் விரதம் இருப்பவர். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு 36-இலும் 12-இலும் மாறி மாறி விரல் வைத்துப் பார்த்தார்.

"போறதுக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட் போடுப்பா. வர்றதுக்குத் திங்கட்கிழமை ராத்திரி ஏறிக்கிறேன்."