ஓ பாசிட்டிவுக்கு என்ன வயது?

எஸ்க்யூஎல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நேர்முகத் தேர்வுகளில் அளந்துகொண்டு திரிந்தவன் நான். அந்த மிதப்பை இறக்கி வைத்தது ஒரு ரத்த வகை.

நோயாளிகளின் வயது, ரத்த வகை, ஒவ்வாமை எல்லாவற்றையும் 'மதிப்பு' என்ற ஒரே நெடுவரிசையில் எழுத்தாகக் கொட்டி வைத்திருந்தோம். எது எந்த வகை என்று சொல்ல இன்னொரு டேபிள். (வடிவமைத்தது யார் என்று கேட்காதீர்கள்.) அறுபதைத் தாண்டியவர்களைப் பொறுக்க இரண்டையும் ஜாயின் செய்து, 'வேர்' கிளாஸில் முதலில் 'வகை வயதா' என்று கேட்டேன், அடுத்து 'மதிப்பை எண்ணாக்கினால் 60ஐத் தாண்டுகிறதா' என்று கேட்டேன். பல மாதம் சமர்த்தாக ஓடியது. ஒரு நாள் காலை போஸ்ட்கிரெஸ், 'ஓ பாசிட்டிவ்' முழு எண் இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டது.

நான் கேட்டது வயதை. இது ஏன் ரத்தத்தைப் போய் எண்ணாக்குகிறது?

நிபந்தனைகளை இடம் மாற்றினேன். அடைப்புக்குறி போட்டேன். போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் போட்டேன். வயதை உள்குவெரியில் பிரித்து வெளியே எண்ணாக்கினேன். ஆப்டிமைசர் வெளி நிபந்தனையைத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டது. கடைசியில் 'வித்' போட்டு ஒரு சிடிஇ எழுதியதும் அடங்கியது. ஜூனியர்களை உட்கார வைத்து இதற்கு வகுப்பு வேறு எடுத்தேன்.

பிறகு பதிப்பு 12க்கு மாறினோம். 2019இல் வந்த அந்தப் பதிப்பு, ஒரே ஒரு இடத்தில் பயன்படும் சாதாரண சிடிஇயை முதன்மைக் குவெரிக்குள்ளேயே கரைத்துவிடும். ஓ பாசிட்டிவ் மறுபடி வந்து நின்றது.

"அண்ணா, எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பாத்தீங்களா?" என்றான் அந்த வகுப்பில் இருந்த பையன். போடவில்லை.

போட்டதும் தெரிந்தது. மேலே ஹாஷ் ஜாயின். அதற்குக் கீழே டேபிளை முழுக்க ஸ்கேன் செய்யும் இடத்திலேயே எண்ணாக்கும் ஃபில்டர். வகையைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். முன்பு நெஸ்டட் லூப்பில் இண்டெக்ஸ் வழியே வயது வரிகள் மட்டும் வந்ததால் என் மானம் தப்பியிருக்கிறது. டேபிளின் புள்ளிவிவரம் மாறியது, திட்டமும் மாறியது. சி, ஜாவாவில் இடமிருந்து வலம் போய், முதல் நிபந்தனை பொய்த்தால் அங்கேயே நிற்கும் பழக்கத்தை இங்கேயும் எதிர்பார்த்தது என் கோளாறு. எஸ்க்யூஎல் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. 'வேர்' கிளாஸில் வரிசையை நம்பாதே, அவசியமென்றால் கேஸ் போடு என்று போஸ்ட்கிரெஸ் கையேட்டிலேயே இருக்கிறது. கையேடெல்லாம் ஜூனியர்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

மதிப்பில் இலக்கம் மட்டும் இருந்தால் எண்ணாக்கு என்று கேஸ் போட்டேன், ஓடுகிறது. எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு 2012 பதிப்பிலிருந்தே டிரை கன்வெர்ட் உண்டு. மாற்ற முடியாவிட்டால் நல் கொடுத்துவிட்டுப் போகும். ஆனால் இரண்டுமே ஒட்டுப்போடும் வேலைதான். வயது வருஷா வருஷம் ஏறும் என்பதுகூட எங்கள் டேபிளுக்குத் தெரியாது. நீங்களாவது பிறந்த தேதியை வாங்கி, தேதி வகை நெடுவரிசையில் வையுங்கள்.