சாமி என்ன பொய் சொல்லுச்சு?

பிள்ளைகளுக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லித்தர நம் வீடுகளில் ஒருவரிப் பாடத்திட்டம்தான்: ‘பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்.’ அதே வாயால் ராத்திரி கண்ணப்ப நாயனார் கதையும் சொல்கிறோம். காளத்தி லிங்கத்தின் கண்ணில் ரத்தம் வடிகிறது. வேடர் தன் கண்ணைப் பெயர்த்து அப்புகிறார். கேட்டுக்கொண்டிருந்த 5 வயசு, ‘சாமி என்ன பொய் சொல்லுச்சு?’ என்கிறது. பெரியபுராணம் முழுக்கத் தேடினாலும் சேக்கிழார் இதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை.

கோயிலில் பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பு. ‘அதுவரைக்கும் நம்மளை யார் பாத்துட்டிருப்பா?’ இது பக்தியில் எழுந்த சந்தேகமல்ல. அந்த இடைவெளியில் பிள்ளைக்கு ஏதோ வேலை இருக்கிறது. திருமலையில் 300 ரூபாய் டிக்கெட் வரிசையைப் பார்த்ததும் அடுத்தது: ‘காசு குடுத்தா சாமி சீக்கிரம் பாக்குமா?’ தாலுகா ஆபீசில் காலமெல்லாம் ஃபைல் நகர்த்தி ஓய்வுபெற்ற தாத்தாவுக்கு அப்போது பார்த்து இருமல் வரும்.

கடைசியில் இருக்கவே இருக்கிறது, ‘பெரியவனானா புரியும்.’ பெரியவனானதும் புரிந்துவிடாது. கேட்க வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான்.