மரம் கொட்டுது, பேத்தி தேடுறா

"ஆயா, ஸ்பிரிங் சீசனுக்கு இன்னா சமைக்கலாம்?"னு கேட்டே. நல்ல கேள்வி கண்ணு. ஃபோனு சொன்ன பதிலையும் நீயே படிச்சுக் காட்டினே. அஸ்பாரகஸாம், ஸ்ட்ராபெர்ரியாம், சுடச்சுட பட்டாணி சூப்பாம். சாலவாக்கத்துல பங்குனி வெயில்ல சூப்பு குடிக்கச் சொல்றவன் இந்தப் பக்கம் வந்தவனா இருக்க மாட்டான். பனி கொட்டுற ஊர்க்காரனுக்கு அது சரி, பாவம், அவனுக்கு இப்பத்தான் கையும் காலும் நீட்டத் தோணும். நம்ம புஸ்தகத்துலயும் சித்திரையும் வைகாசியும் இளவேனில்னுதான் இருக்கு. எழுதின மகராசன் உத்திரமேரூர் பஸ்ஸுக்காக உச்சி வேளையில நின்னு பார்க்கல போலக்கீது.

சரி, கேட்டுட்டே, சொல்றேன். இந்த மாசத்துல சமையலைத் தேடக் கூடாதுடி. அண்ணாந்து பார்த்தா போதும்.

வேப்பமரம் பூத்துக் கொட்டுது. ராத்திரி மரத்தடியில பழைய வேட்டிய விரிச்சுட்டுப் போய்த் தூங்கு. விடிஞ்சதும் அள்ளிப் பொடைச்சு, நல்லா காயவெச்சு, ஈரமில்லாத ஜாடியில போட்டா அடுத்த பங்குனி வரைக்கும் வரும். நீ இன்னா பண்றே? மெட்ராஸ்ல உன் கார் மேல விழுற பூவைத் தொடைக்க ஒருத்தனுக்குச் சம்பளம் குடுக்கறே. அதே பூவை பாக்கெட்டுல காசு குடுத்து வாங்கறே. ரெண்டு பேரு பொழைக்கிறான், நல்லா இரு.

ரசம் வெக்கிறது ஒண்ணும் கம்பசித்திரம் இல்ல. புளியைக் கரைச்சு உப்பும் மஞ்சத்தூளும் போட்டு பச்சை வாசனை போகக் கொதிக்க விடு. பருப்பு வேணாம், தக்காளி வேணாம். நெய்யில கடுகு, காஞ்ச மொளகா, பெருங்காயம் தாளிச்சு, அதுலயே பூவைப் போட்டு கருஞ்செவப்பா வறுத்துக்கோ. ரசத்தை எறக்கி வெச்ச பொறவு கொட்டு. பூவைப் போட்டுட்டுக் கொதிக்க விட்டேன்னா கசப்பு மொத்தமும் எறங்கிடும், உன் வூட்டுக்காரன் ரெண்டு நாளைக்கு வாயே தொறக்க மாட்டான். அது உனக்கு வேணும்னா கொதிக்க வெச்சுக்கோ, ஆயா தடுக்க மாட்டேன்.

ஏப்ரல் 14, சித்திரை ஒண்ணு. அன்னிக்கு மாங்காப் பச்சடி. புளிப்பு மாங்காயை நறுக்கி வேகவெச்சு, வெல்லமும் துளி உப்பும் போட்டு, மொளகா தாளிச்சு, வறுத்த வேப்பம்பூவை மேல தூவு. மாங்காத் தோலை முழுக்கச் சீவிடாதே, துவர்ப்பு அதுலதான் இருக்கு. ஆறு ருசியும் ஒரே கரண்டியில வந்துடும். தெலுங்கு பேசுறவங்க இதுக்குச் சொந்தமா ஒண்ணு யுகாதிக்குப் பண்ணுவாங்க. ரெண்டு வூட்லயும் உக்காந்து சாப்பிடு. பச்சடிக்கு பாஷை கெடையாது.

வெயிலுக்கு கூழு. "மில்லட் பவுல்"னு நீ எரநூறு ரூபா குடுத்துத் திங்கறியே, அதோட பாட்டி. கேழ்வரகு மாவை மொத நாளே கரைச்சுப் புளிக்க விடணும். மறுநாள் நொய்யைக் கொழைய வேகவெச்சு, மாவை ஊத்திக் கட்டி தட்டாமக் கெளறு. கையைத் தண்ணியில நனைச்சுக் களியைத் தொடு. ஒட்டலைன்னா வெந்துடுச்சு. ராத்திரி பூரா ஆறட்டும். காலையில மோர் ஊத்திக் கரைச்சு, சின்ன வெங்காயம், மோர் மொளகா, மாங்காத் துண்டு. கருவாடு பேரைச் சொன்னா உன் அபார்ட்மெண்ட்ல சங்கம் கூட்டுவாங்க, அத்த வுட்டுடு.

இப்ப வடகத்துக்கு வர்றேன். நம்ம பக்கத்துக் கீரைக்கும் காரக்கொழம்புக்கும் உசுரே இதுதான், அதுக்கு வெயில் வேணும், இந்த மாசத்தை விட்டா அடுத்த வருஷம்தான். கிலோ சின்ன வெங்காயத்துக்குக் கால் கிலோ பூண்டு. ஒரல்ல ஒண்ணும் ரெண்டுமா இடி. மிக்ஸியில போட்டு அரைச்சா அது சட்னி. உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சத்தூள், கறிவேப்பிலை, உப்பு போட்டு, வெளக்கெண்ணெ ஊத்திப் பிசைஞ்சு ஒரு ராத்திரி மூடி வை. காலையில உருட்டி மொட்டை மாடியில காயப்போடு. சாயங்காலம் அத்தனையையும் ஒடைச்சு மறுபடி பிசைஞ்சு வை, காலையில மறுபடி உருட்டு. ஈரம் போயி கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் இதே வேலை. தெருவே மணக்கும், தெருவே வந்து கேக்கும்.

பங்கு போடறதுக்கு ஒரு சட்டம் இருக்கு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் செவுத்துல பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும், வெட்டி வெச்சிருக்காங்க. பேரை ஓலையில எழுதிக் கொடத்துல போட்டு, ஒண்ணும் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லித்தான் ஊர்ச் சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தாங்க. பொறுப்புல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரு கொடத்துக்குள்ளயே போவக் கூடாது, அவன் ஒறவுக்காரன் பேரும் கூடாது. ஆயிரத்து நூறு வருஷமாச்சு, என் வூட்டுல இன்னும் அந்தச் சட்டம்தான். வெங்காயம் உரிக்காதவளுக்கு வடகம் கெடையாது, அவ புருஷனுக்கும் கெடையாது.

அதனால ஞாயித்துக்கெழமை வந்துடு கண்ணு. அஞ்சு கிலோ வாங்கி வெச்சிருக்கேன். ஃபோனை மட்டும் வூட்டுலயே வெச்சுட்டு வா, உரிக்க ரெண்டு கையும் வேணும்.