108ஆவது பேத்தியும் எங்கள் அப்பத்தாவும்

எழுபது வயதைக் கடந்த ஒரு மனிதன், அதிலும் தபாலாபீஸில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தியே வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்ட ஒரு மனிதன், மத்தியான போஜனத்துக்குப் பின் சாய்வுநாற்காலியில் கிடந்து பஞ்சாங்கம் புரட்டுவதுதான் லோக மரியாதை என்றிருக்க, சென்ற அக்கினி நட்சத்திரத்தின்போது நான் அருப்புக்கோட்டை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஜப்பான் தேசத்துப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி பிசாசுகளை வாளால் வெட்டிச் சாய்க்கும் சித்திரப் படத்தை ஆதியோடந்தமாகப் பார்த்து முடித்தேன் என்றால், அந்தப் பழி முழுவதும் லீவுக்கு வந்திருந்த என் பேரனையே சாரும். அவன் இன்ஜினீயரிங் படிக்கிறான். "பொம்மைப் படமா?" என்று நான் கேட்டதற்கு, "பொம்மைப் படமில்லை தாத்தா, அனிமே" என்று அவன் முகம் சிவக்கச் சொன்னபோது, கிச்சடியை உப்புமா என்று சொல்லிவிட்டால் என் மனைவி அடையும் கோபம் எனக்கு ஞாபகம் வந்தது, ஆகையால் வாதத்தை வளர்க்கவில்லை.

படத்தின் பெயர் 'மாமோனோ ஹன்டர் யோக்கோ'. மேட்ஹவுஸ் என்னும் சித்திரப்படக் கம்பெனி 1990இல் அதன் முதல் பாகத்தைத் தியேட்டருக்கும் அனுப்பாமல் டெலிவிஷனுக்கும் கொடுக்காமல் நேராக வீடியோ காஸெட்டாகவே வெளியிட்டு, 1995க்குள் ஆறு பாகங்களாக வளர்த்து நிறுத்திக்கொண்டது. அவற்றுள் நாலாவது பாகம் கதையே இல்லாமல் முழுக்க முழுக்கப் பாட்டு என்று அறிந்ததும், கலை விஷயத்தில் ஜப்பானியரும் நம்மவரும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்ற ஆறுதல் எனக்கு உண்டாயிற்று. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து ஏ.டி.வி. பிலிம்ஸ் 1992இல் இந்தப் பிசாசுப் படத்தைத்தான் முதல் சரக்காக வைத்துக் கடை திறந்ததாம். நம் ஊரில் மளிகைக் கடை திறப்பவன்கூட முதலில் மஞ்சளும் உப்பும் அல்லவா எடுத்து வைப்பான்!

கதை அதிகமில்லை. யோக்கோவுக்குப் பதினாறு வயது. அவளுடைய பாட்டி மதோக்கா, பிசாசு வேட்டையாடும் வம்சத்தில் 107ஆவது பட்டத்துக்காரி. பட்டம் அடுத்தபடியாகத் தாயாருக்குப் போயிருக்க வேண்டும். ஏதோ ஒரு நியமம் தவறிப்போனதால் அந்த அம்மாளுக்குக் கிடைக்காமற்போயிற்று. (அந்த நியமம் என்னவென்று சொல்ல வந்த பேரன் பாதியில் இருமினான், நானும் ஜன்னல் வழியே ஆகாயத்தைப் பார்த்தேன்.) ஆக, பாட்டியிடமிருந்து நேரே 108ஆவதாகப் பேத்திக்கு வாள் வந்து சேருகிறது. பேத்தியோ பரீட்சையையும் பையன்களையும் பற்றிய கவலையிலிருந்து மீளாத நிலையிலேயே, சீன பாணிச் சிவப்பு அங்கி தரித்துக்கொண்டு பூதகணங்களின் மேல் பாய்கிறாள்.

108 என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குள் ஒரு சொந்தம் எழுந்தது. நமக்கு நாமாவளியும் 108, திவ்யதேசமும் 108, நடுராத்திரியில் மார்பு அடைத்தால் கூப்பிடுகிற வண்டியும் 108. அந்த ஊரிலும் வருஷப் பிறப்புக்கு முந்திய ராத்திரி பௌத்தக் கோயில்களில் மணியை 108 தடவை அடிப்பார்கள். ஆனால் தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷமாகக் கணக்கிட்டால் அந்தக் குடும்பத்துக்கு 2,700 வருஷத்து வம்சாவளி மனப்பாடம் என்று ஆகிறது; நாமோ திதி கொடுக்கையில் மூன்று தலைமுறைப் பெயரைக் கேட்டாலே ஐயர் முகத்தையும் எள்ளையும் மாறிமாறிப் பார்க்கிறோம்.

எனினும் படம் பார்த்த மூன்று நாளும் என் மனம் யோக்கோவிடம் நிற்கவில்லை. திருச்சுழிப் பக்கம், குண்டாற்றுக்கு அந்தண்டை, கரிசல் காட்டு நடுவே கிடந்த எங்கள் பூர்வீகக் கிராமத்துக்கும், அங்கே பட்டமோ வாளோ இல்லாமல் ஒரு தென்னை விளக்குமாற்றை மட்டும் ஆயுதமாகக் கொண்டு காத்துக்கருப்பின் மேல் ராஜ்யபாரம் செலுத்திய என் அப்பத்தாவிடத்துக்குமே ஓடிற்று.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். புதிதாய் வாழ்க்கைப்பட்டு வந்திருந்த சித்தி ஒருநாள் உச்சிப்பொழுதில் பருத்திக் காட்டிலிருந்து திரும்பி, தலைவிரி கோலமாய் உட்கார்ந்து, யாரோடும் பேசமாட்டேன் என்று சாதித்தாள். இக்காலமாயிருந்தால் மதுரைக்கு அழைத்துப்போய் நரம்பு டாக்டரைப் பார்த்திருப்பார்கள். அக்காலத்தில் கோடாங்கியை அழைத்தார்கள். அவர் உடுக்கையை முழக்கி, விபூதியை வீசி, வேப்பிலையை ஓங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "யாரு நீ? எந்த ஊரு?" என்பதுதான். ஒரு நாழிகை முரண்டுக்குப் பிறகு, தான் நரிக்குடிப் பக்கம் கிணற்றில் விழுந்து செத்தவள் என்று பேய் ஒப்புக்கொண்டது. போகிறதற்கு என்ன வேண்டும் என்று கேட்க, கறிச்சோறும் கண்ணாடி வளையலும் பட்டுச் சேலையும் வேண்டும் என்றது.

அதுவரை மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா இந்த இடத்தில்தான் பிரவேசித்தாள். "கோழி அடிச்சுத் தாரேன். வளையலும் வாங்கித் தாரேன். பட்டுச் சேலையெல்லாம் ஆகாது, பருத்தி விலை கெடக்குற கெடையில நூல் சேலைதான்" என்றாள். பேய் உறுமிற்று. அப்பத்தா விளக்குமாற்றை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அருப்புக்கோட்டைத் தறிச் சேலைக்குப் பேய் இறங்கி வந்தது. பிறகு சித்தியின் தலையில் கல்லை ஏற்றி ஓடவிட்டு, ஊர்க்கோடிப் புளியமரத்தில் ஒரு கொத்து மயிரை ஆணியடித்து இறக்கியதெல்லாம் சாஸ்திரப்படி நடந்தேறியது. சமாசாரம் அத்தோடு முடியவில்லை. மறுவாரம் நரிக்குடிச் சந்தைக்குப் போய்வந்த அப்பத்தா, செத்தவள் தன் தங்கை வீட்டுக்குச் சம்பந்தி முறை ஆகிறாள் என்று துப்புக் கண்டுபிடித்து வந்து, நேரே புளியமரத்தடிக்குப் போய், "முன்னாலயே சொல்லியிருந்தா நான் பேரம் பேசியிருப்பனா, தாயி?" என்று அங்கலாய்த்துவிட்டு, பிடிவாதமாக ஒரு தாம்பூலத்தையும் வைத்துவிட்டு வந்தாள்.

யோக்கோவின் தொழிலில் எனக்குத் தோன்றுகிற பெருங்குறை இதுதான். ஆறு பாகத்திலும் அந்தப் பெண் ஒரு பிசாசிடமாவது ஊர் விசாரித்தாளில்லை. கண்டாள், வெட்டினாள், புகையாய்ப் போயிற்று. வெட்டுண்டது யாருக்குப் பெரியம்மாவோ, யாருக்கு நாத்தனாரோ? "பேரைக் கேட்டுக்கிட்டு நின்னா அது கழுத்தைக் கடிச்சிரும் தாத்தா" என்று பேரன் அவளுக்காக வாதாடினான். எங்கள் சீமையில் பேய் என்பது அயலூரிலிருந்து படையெடுத்து வருகிற ஜந்து அல்ல. கல்யாணச் சாப்பாட்டில் குறைவைக்கப்பட்ட உறவினர் போன்றது. குறையைக் கேட்டுத் தீர்க்காமல் வாளை எடுப்பவனை ஊரில் யார் மதிப்பார்கள்?

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சிரிப்புக்காக அல்ல. 1879இல் இதே திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பிள்ளையை, பதினாறு வயதில், அதாவது யோக்கோவின் வயதில், 1896இல் மதுரையில் சிற்றப்பா வீட்டு மாடியறையில் தனியே இருக்கையில் திடீரென மரண பயம் வந்து பற்றியது. அந்தப் பிள்ளை கூச்சலிட்டு ஆள் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்துக்கொண்டு, சாகிறது எது என்று விசாரிக்கத் தொடங்கினார். சில வாரத்தில் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டுப் போனவர்தான் பகவான் ரமணர். கோடாங்கி 'நீ யார்' என்று கேட்டதையே அவர் 'நான் யார்' என்று திருப்பிக் கேட்டார் என்று சொன்னால் வேதாந்திகள் என்னை மன்னிப்பார்களோ என்னவோ. ஆனால் கேள்வி கேட்டே காரியத்தை முடிப்பது எங்கள் மண்ணின் வாசி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"அப்படியானால் வாளுக்கு உங்க ஊர்ல வேலையே இல்லையா?" என்றான் பேரன். இருக்கிறது என்று சொல்லி, மறுநாள் அவனைத் திருச்சுழி பஸ்ஸில் ஏற்றி, எங்கள் நாலு ஏக்கரைக் காட்டினேன். காட்டினேன் என்பது உபசாரம். நிலம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே! எள்ளும் மிளகாயும் விளைந்த கரிசல் முழுவதும் சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. விறகுக்கும் வேலிக்கும் ஆகுமென்று கொண்டுவந்து விதைத்தது, வேலியைத் தாண்டிக் காட்டையும் கண்மாயையும் விழுங்கிவிட்டது. வெட்ட வெட்ட ஒன்று பத்தாய்க் கிளைப்பதில் ரக்தபீஜன் இதனிடம் பாடம் கேட்க வேண்டும். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின் பேரில் தென் ஜில்லாக்களில் மும்முரமாக வெட்டினார்கள், மழை பெய்தது, மரம் திரும்பிவிட்டது. "உங்கள் 108ஆவது பேத்தியை இந்த நாலு ஏக்கரில் இறக்கிவிடு பார்ப்போம்" என்றேன். பேரன் முள் குத்திய செருப்பைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் கரிமூட்டம் போடுகிற வியாபாரி மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மரத்தை வெட்டி அடுக்கி, மண் மூடி, புகைய வைத்துக் கரியாக்கி லாரியில் ஏற்றுகிறவர். நான் முறுக்காக, தூரோடு பெயர்த்தெடுத்தால்தான் வெட்ட விடுவேன் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தூரைத் தோண்டிட்டா மூணு வருஷங் கழிச்சு எனக்கு என்ன வேலை, உங்களுக்கு என்ன வரும்படி? தூர் கெடக்கட்டும் ஐயா" என்றார். நான் சற்று நேரம் நிலத்தைப் பார்த்தேன். பிறகு, வெள்ளாமை செய்தால் விதைக்கும் களைக்கும் என் பென்ஷனிலிருந்து போகக்கூடிய தொகையைப் பார்த்தேன். அவர் சொன்ன விலைக்கு மேல் ஏக்கருக்கு ஐந்நூறு கூட்டிக் கேட்டேன். முந்நூறுக்கு இறங்கினோம்.

ஒப்பந்தச் சீட்டைப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்தே எழுதினோம். சாட்சிக் கையெழுத்துப் பேரன் போட்டான்.