வேலிக்கு ஒரு பொத்தான்

‘ட்ரான்’ படத்தில் வேலை பார்த்த கென் பெர்லினுக்குக் கணினிப் படங்களின் வழுவழுப்புப் பிடிக்கவில்லை. இயற்கையின் கரடுமுரடைக் கணக்கால் உண்டாக்க 1983இல் அவர் கண்டுபிடித்த ‘பெர்லின் நொய்ஸ்’ அவருக்கு 1997இல் ஆஸ்கர் தொழில்நுட்ப விருதும் வாங்கித் தந்தது. அந்த வழியில்தான் இன்றும் திரையில் மலைகள் முளைக்கின்றன. டெராஜென், வேர்ல்ட் மெஷின் போன்ற நிலக்காட்சி மென்பொருள்களின் அடுத்த பதிப்புக்கு என்ன வேண்டுமென்று யாழ்ப்பாணத்துக் கோப்பாயை யாரும் கேட்கப்போவதில்லை. நாங்களாகவே சொல்லிவிடுகிறோம்.

மலை வேண்டாம். நீரரிப்பும் வேண்டாம், எங்கள் சுண்ணக்கல்லில் மழை ஓடாது, உள்ளே இறங்கிவிடும். குடாநாட்டில் ஆறென்று பேருக்கு இருப்பது மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாறு.

வேண்டியது வேலி. கிளுவைக் கதியால் நட்டு, கிடுகு கட்டி, ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் அது ஓரங்குலம் பக்கத்துக் காணிக்குள் நகரவேண்டும். அந்த ஓரங்குலத்துக்கு வழக்குப் போட ஒரு பொத்தான். பங்குக் கிணறு ஒன்று. பங்காளரில் பாதிப்பேர் கனடாவில். காணியைப் பிறத்தியாருக்கு விற்கப் போனால், 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் குறுக்கே வந்து, “பங்காளரைக் கேட்டாச்சா?” என்று திரையை நிறுத்தவேண்டும்.

செம்மண்ணுக்கு இரண்டு நிறம் போடுங்கள்: காய்ந்தால் ஒன்று, இறைத்தால் ஒன்று. மற்றதெல்லாம் ஆறுதலாகச் செய்யலாம். வேலியை மட்டும் இந்த மாரிக்கு முன் முடித்துத் தாருங்கள்.