தொட்டியும் ஓர் உப்பளம்தான்!

வேதாரண்யத்தில் என் வீட்டில் கடல் மீன் தொட்டி இருக்கிறது என்று போன இதழில் வாய் தவறி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி மீனைப் பற்றி. மீதிப் பாதி, “உங்களுக்கு வேறு வேலை இல்லையா?” என்று. இரண்டாவது பாதிக்கு ஒரே வார்த்தையில் பதில்: இல்லை. முதல் பாதிக்குக் கீழே.

வாசற்படி இறங்கினால் கடல். அதை விட்டுவிட்டு வீட்டுக்குள் எதுக்குங்க இன்னொரு கடல்?
(வாசகர், ஆறுகாட்டுத்துறை)

வாசலில் இருக்கும் கடலில் என்றைக்காவது மீன் நீந்துவதைப் பார்த்திருக்கிறீர்களா? வலையில் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏலத்தில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், குழம்பில் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் பக்கம் அடியெல்லாம் சேறு, தண்ணீர் எப்போதும் கலங்கல். மீன் உயிரோடு என்ன செய்கிறது என்று தெரிய நடுவில் ஒரு கண்ணாடி வேண்டியிருக்கிறது. சென்னை மெரினாவில் 1909லேயே கடல் மீன் காட்சிசாலை திறந்தார்கள். அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் எடுத்த முயற்சி அது. மெரினாவுக்கும் வாசலில் கடல்தான்!

நம்ம ஊரில் உப்புக்கா பஞ்சம்? ஒரு மூட்டை உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் கடல் தண்ணீர் ஆகிவிடாதா?
(உப்பளத் தொழிலாளி, அகஸ்தியம்பள்ளி)

ஆகாது. ஏன் ஆகாது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரியும் என்பது தெரியாமல் கேட்கிறீர்கள்.

கடல் தண்ணீர் உங்கள் பாத்திக்குள் வரும்போது அதன் அடர்த்தி மூன்று, மூன்றரை டிகிரி. வெயில் ஏற ஏற டிகிரியும் ஏறுகிறது. முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம் படிகிறது. அதோடு கால்சியம் போயிற்று. இருபத்தைந்தைத் தொட்ட பிறகுதான் உப்பு பூக்கிறது. முப்பதை நெருங்கும்போது மிச்சத் தண்ணீரை வெட்டி விட்டுவிடுகிறீர்கள். ஏன்? விட்டுவைத்தால் உப்பு கசக்கும். அந்தக் கசப்புதான் மக்னீசியம். பொட்டாசியமும் அதோடு சேர்ந்து வாய்க்காலில் போய்விடுகிறது. ஆக, மூட்டையில் ஏறுவது முழுக் கடல் இல்லை. தலையையும் வாலையும் அரிந்து எறிந்த நடுத்துண்டு.

குழம்புக்கு நடுத்துண்டு போதும். மீன் உயிரோடு இருக்க முழுசும் வேண்டும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புகள் என்றால், நம் சோற்றுப்பு அதில் 27 கிராம் அளவுக்குத்தான். மக்னீசியம் மட்டும் ஒன்றேகால் கிராமுக்கு மேல், கால்சியம் 400 மில்லிகிராம் சொச்சம். இவையெல்லாம் கணக்காகச் சேர்த்து, மீன்தொட்டிக்கென்றே ‘மரைன் சால்ட்’ பாக்கெட்டில் வருகிறது. உப்பு விளைகிற ஊரில் கடையில் போய் உப்பு வாங்குவதா என்று மானம் தடுத்தால், அடுத்த பதிலைப் படியுங்கள்.

கடல் தண்ணீரையே மொண்டு வந்து ஊற்றலாமா?
(வாசகி, புஷ்பவனம்)

தாராளமாக. ஆனால் கரையில் நின்று குடத்தில் மொள்ளாதீர்கள். அது சேறும் டீசலும் சேர்ந்த கஷாயம். ஆழத்துக்குப் போகிற படகில் சொல்லிவிட்டு, மூடி போட்ட பிளாஸ்டிக் கேனில் பிடித்து வரச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். ஆற்று வெள்ளம் வந்து விழுந்து உப்பு இறங்கியிருக்கும். மழைத் தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலேயே மிதக்கும் என்பதால், நீங்கள் மொள்ளுவது பாதி மழையாக இருக்கும்.

கொண்டு வந்ததை இரண்டாய் மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத டிரம்மில் இரண்டு வாரம் மூடி வையுங்கள். உப்பு எவ்வளவு என்று பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இறால் பண்ணை வைத்திருக்கும் எந்த மாமாவிடமும் இருக்கும். 33லிருந்து 35க்குள் காட்டினால் சரி. ஒரு முக்கியமான விஷயம்: செப்புக்குடம் கூடவே கூடாது. தாமிரம் கொஞ்சம் கரைந்தாலும் தொட்டி இறால், நத்தை எல்லாம் காலி.

தொட்டியில் தண்ணீர் தினமும் குறைகிறது. உப்புத் தண்ணீர் ஊற்றணுமா, நல்ல தண்ணீரா?
(வாசகர், தேத்தாகுடி)

நல்ல தண்ணீர். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன்.

என்னுடைய தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தளும்பத் தளும்ப ஊற்றினால் 255 லிட்டர். முதல் வருஷம் கோடையில் தினமும் இரண்டு லிட்டர் குறைந்தது. நானும் பயபக்தியோடு தினமும் இரண்டு லிட்டர் கடல் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது வாரம் மீன்கள் ஒரு மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின. மூடியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருபொருவென்று ஏதோ படர்ந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சுத்தமான அகஸ்தியம்பள்ளிச் சரக்கு! பண்ணைக்கார நண்பர் வந்து மீட்டரில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நாப்பத்தொண்ணு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தீங்கன்னா வாரியே எடுத்திருக்கலாம்.”

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போகாது. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தானே இந்த ஊர் பிழைக்கிறது! கூரைக்குக் கீழே வைத்தாலும் தொட்டி ஓர் உப்பளம்தான். அது உப்பளமாக மாறிவிடாமல் தடுப்பதுதான் உங்கள் தினசரி வேலை. கண்ணாடியில் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் உத்தமம். போர் தண்ணீர் நம் பக்கம் பல இடத்தில் தானே உப்பு. குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் இருக்கும்.

தொட்டி வாங்கிய அன்றே மீன் விடலாமா?
(விவசாயி, ஆயக்காரன்புலம்)

நாற்றங்கால் விடாமல் நடவு நடுவீர்களா? (கடைமடையில் நேரடி விதைப்பு உண்டே என்று சண்டைக்கு வராதீர்கள். அதிலும் மண் ஈரமாக வேண்டும்.)

மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாகும். அது விஷம். கடல் தண்ணீர் கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, பிஎச் 8.1, 8.2 என்று நிற்கும். அந்தக் காரத்தில் அமோனியாவின் வீரியம் இன்னும் கூடுதல். அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக்க இன்னொரு பாக்டீரியா. இரண்டும் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை காலித் தொட்டியில் பம்பை ஓடவிட்டு, ஒரே ஒரு பச்சை இறாலைப் போட்டு அழுகவிடுங்கள். பாக்டீரியாவுக்கு அதுதான் அடியுரம். சோதனைக் குப்பியில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இறங்கிப் பூஜ்யத்தில் நின்ற பிறகு முதல் மீன். ஒரே ஒரு மீன்.

அந்த ஆறு வாரமும் உறவினர்கள் வந்து வெறும் தண்ணீரைப் பார்த்து, “மீன் எங்கே?” என்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

பையன் ‘நீமோ’ வேணும் என்று அடம். முதல் மீனாக அதை வாங்கலாமா?
(வாசகி, தோப்புத்துறை)

வாங்கலாம். முதல் மீனுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. தமிழில் கோமாளி மீன். சாதுவானது, கொடுத்ததைத் தின்னும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்தைத் தாண்டியும் இருக்கும். கடலில் பிடித்த மீனை வாங்காமல், தொட்டியில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். 1947ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மண்டபத்தில் ஒரு மையம் உண்டு. அங்கேயும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டிவிட்டார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சுக்கு அடைத்து வைத்த ஏக்கம் கிடையாது, தூள் தீனியும் பழகியிருக்கும். சினிமாவில் வருகிற மாதிரி கடல் சாமந்தி வேண்டும் என்று அவசியமில்லை. அதை வளர்ப்பது மீனை வளர்ப்பதைவிடக் கஷ்டம்.

பையனிடம் சொல்ல வேண்டாத ஒரு தகவல்: கோமாளி மீன் கூட்டத்தில் பெரியதுதான் பெண், அடுத்தது அதன் புருஷன். பெண் செத்துப்போனால் புருஷன் பெண்ணாக மாறிவிடும். அதாவது 2003ல் வந்த அந்த நீமோ படத்தை உயிரியல்படி எடுத்திருந்தால், அப்பா இரண்டாவது காட்சியிலேயே அம்மா ஆகியிருப்பார்.

அதே படத்து ‘டோரி’யும் வேணும் என்று அடுத்த அடம் வரும். அது ஓரடி வளர்கிற, நாளெல்லாம் நீந்துகிற மீன். நான்கடித் தொட்டி அதற்கு பஸ் ஸீட் மாதிரி. வேண்டாம்.

வலையில் அப்பப்போ கடல்குதிரை வருது. ஒண்ணை எடுத்துத் தொட்டியில் விட்டால் என்ன?
(மீனவர், கோடியக்கரை)

1930ல் ராஜாஜியோடு வந்தவர்கள் இந்தக் கரையில் ஒரு பிடி உப்பை எடுத்து ஜெயிலுக்குப் போனார்கள். அது சரித்திரம். கடல்குதிரையை எடுத்துப் போனால் அது வெறும் கேஸ். கடல்குதிரை, கடல் அட்டை, பவளப்பாறை எல்லாம் 2001ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு என்ன சட்டமோ அதேதான். பிடிபட்டால் சிறைதான். உயிரோடு வந்தால் அங்கேயே தண்ணீரில் விடுங்கள். தொட்டிக்குள் அழகுக்கு வைக்கிறோம் என்று ராமேசுவரம் பக்கமிருந்து பவளக்கல் வாங்கி வருகிறவர்களுக்கும் இதே பதில். சுட்ட களிமண்ணில் செய்த கல் கிடைக்கிறது. பாக்டீரியாவுக்கு வித்தியாசம் தெரியாது.

கீச்சான் பிடித்துப் போடலாமா? சட்டம் தடுக்காதே?
(அதே மீனவர், விடமாட்டார் போல)

சட்டம் தடுக்காது. கீச்சான் மற்ற மீனைத் தடுக்கும், துரத்தும், செதிளைப் பிய்க்கும். அது மட்டும் தனியாக இருக்கட்டும் என்றால் போடுங்கள்.

மீன் மேல் வெள்ளைப் புள்ளி. பண்ணையில் இறாலுக்கு வந்த அதே வியாதியா?
(பண்ணை உரிமையாளர், வெள்ளப்பள்ளம்)

பெயர்தான் ஒன்று. இறாலுக்கு வருவது வைரஸ். மீனுக்கு வருவது ஒட்டுண்ணி, உப்புத் தூவின மாதிரி தெரியும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே தாமிர மருந்து கொடுங்கள், பெரிய தொட்டியில் ஒரு சொட்டும் விழக் கூடாது. பெரிய தொட்டி மீனில்லாமல் ஆறு வாரமாவது கிடக்கட்டும். பயந்த சுபாவக்காரர்கள் 76 நாள் காத்திருக்கிறார்கள். நானும் அந்தச் சுபாவம்தான். அடுத்த தடவை புது மீனை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். பண்ணைத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள், தொட்டி வலையைப் பண்ணைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

எவ்வளவு நேரம் விளக்கு எரியணும்?
(வாசகர், மறைஞாயநல்லூர்)

வேதாரண்யம் விளக்கழகு என்று பேர் எடுத்த ஊர்க்காரர் கேட்கிறீர்கள்! கோயில் விளக்கின் திரியைத் தெரியாமல் தூண்டிவிட்ட எலி மறுபிறவியில் மகாபலி ஆனது. தொட்டி விளக்கை ராத்திரி முழுக்க எரியவிட்டால் கிடைப்பது பாசி. எட்டு மணி நேரம் போதும்.

கரண்ட் போனால்?
(வாசகர், கருப்பம்புலம்)

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியதைப் பார்த்தவர்கள் ‘போனால்’ என்று கேட்கக் கூடாது, ‘போகும்போது’ என்று கேட்க வேண்டும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும், உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. அதனால் பம்ப் நின்ற சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் காற்று பம்பை மட்டும் அதில் மாட்டுங்கள், விளக்கு வேண்டாம். ஒன்றுமே இல்லையா? ஒரு சொம்பு எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். கை வலிக்கும், மீன் பிழைக்கும்.

நமக்கு ஹீட்டர் தேவையில்லை. சித்திரை வெயில்தான் பிரச்சினை. தண்ணீர் மேல் படுகிற மாதிரி சின்ன மின்விசிறி வைத்தால் மண்பானை மாதிரிச் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாகக் குறையும், நகப்பாலிஷ் கோட்டை மறக்காதீர்கள்.

வாஸ்துப்படி எந்த மூலை?
(வாசகி, செம்போடை)

தரை தாங்கும் மூலை. என்னுடையது கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்த்து முந்நூறு கிலோவுக்கு மேல். அஞ்சு பெரியப்பாக்கள் ராத்திரி பகலாக ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி.

பாட்டி, மீன் பாவம் என்று இட்லி போடுகிறார். என்ன செய்ய?
(கல்லூரி மாணவர், தகட்டூர்)

பாட்டிக்கு வேறு வேலை கொடுங்கள், ஆர்டீமியா பொரிக்கச் சொல்லுங்கள். உப்பளத் தண்ணீரில் வாழ்கிற பொடி இறால் இனம் அது. தூத்துக்குடி உப்பளங்களில் உண்டு, நம் உப்பளங்களிலும் உண்டு. அதன் முட்டை காய்ந்து தூளாக வருஷக்கணக்கில் கிடக்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் ஆரஞ்சு நிறத்தில் துடித்துக்கொண்டு வரும். பாட்டி இட்லியை மறந்துவிடுவார். எதைப் போட்டாலும் இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் வேலை?
(வாசகர், தலைஞாயிறு)

ஒரு மணி நேரம். பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்ற, கண்ணாடியைத் துடைக்க, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையில் சேர்ந்த பழுப்பு நுரையைக் கொட்ட. கொட்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்.

என் கணவர் என்னோடு பேசுவதைவிடத் தொட்டியைப் பார்ப்பதுதான் அதிகம்.
(பெயர் வேண்டாம், கரியாப்பட்டினம்)

தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள்.

மீன் வளர்க்கிறவர் மீன் சாப்பிடலாமா? மனசாட்சி உறுத்தாதா?
(வாசகர், வாய்மேடு)

எங்கள் வீட்டில் தொட்டி கூடத்தில், அடுப்படி பின்னால், நடுவில் ஒரு கதவு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கதவைச் சாத்திவிடுவோம். இந்த ஊர்க் கோயில் கதவைத் திறக்க அப்பரும், மூடச் சம்பந்தரும் பாட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுக் கதவுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. குழம்பு கொதிக்கிற வாசனை வந்ததும் யாராவது தானாக எழுந்து போய்ச் சாத்திவிடுவார்கள்.