எஃப்.சி. எனும் ஒருநாள் திருவிழா

இந்தியாவில் வாடகைக் கார்கள் எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று (பேச்சுவழக்கில் எஃப்.சி.) பெற வேண்டும். சோதனை நாளன்று பழைய காருக்கும் புதுப் பெயின்ட், இரவல் டயர், கடன் வாங்கிய தீயணைப்பான் எல்லாம் வந்து சேரும். சான்று கையில் விழுந்ததும் அவை உரியவரிடம் திரும்பிவிடும். 2022 ஏப்ரல் முதல், சான்று காலாவதியானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். பிரேக்கை ஆய்வாளரின் கண்ணுக்குப் பதில் இயந்திரமே அளக்கும் தானியங்கி மையங்களும் வருகின்றன. ஓட்டுநர்கள் கொடி பிடிக்கிறார்கள்: கட்டணம் அதிகம், வரிசையில் நின்றால் அன்றைய சவாரி போச்சு. இரண்டும் நியாயமே. இயந்திரத்துக்கு டீ வாங்கிக் கொடுக்க முடியாது என்ற பெருங்குறை மட்டும் கோரிக்கை மனுவில் ஏறுவதில்லை. பின் இருக்கையில் அமரும் பயணிக்கோ, கொடி பிடிக்கச் சங்கமே இல்லை.